பொம்பெயியும் வெசுவியஸ் திராட்சைத் தோட்டமும்: ஒரே நாளில் இரண்டையும் பார்க்கும் முறை

இத்தாலியின் நேப்பிள்ஸில் தங்கியிருப்பவர்கள் காலையில் பொம்பெயி இடிபாடுகளையும் மதியம் வெசுவியஸ் மலைச்சரிவில் ஒரு திராட்சைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். நேரம் போதும். ஆனால் பலரும் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறார்கள். காலையில் கூட்டத்தோடு கூட்டமாக இடிந்த சுவர்களைச் சுற்றி அலுத்துப்போய், மதியம் வெயிலில் களைத்த உடம்போடு ஒயின் குடிக்கப் போகிறார்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்துபோன ரோமானிய நகரமான பொம்பெயி ஒரு ஒயின் ஊர். மதில்களுக்கு உள்ளேயே திராட்சை பயிரிட்டார்கள், பிழிந்தார்கள், தெருவுக்குத் தெரு விற்றார்கள், கப்பலேற்றினார்கள். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு காலையில் நடந்தால், மதியம் கோப்பையில் இருப்பது எந்த மண்ணிலிருந்து வந்தது என்று தெரிந்தே குடிப்பீர்கள். கீழே உள்ள திட்டம் அந்தத் தடத்தை வைத்துப் போட்டது.

தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சொந்தம் உண்டு. “யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்” என்று புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் சொல்கிறார்; யவனர் (கிரேக்க, ரோமானியர்) நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மது என்று பொருள். அந்த நன்கலங்களின் உடைந்த ஓடுகள் அரிக்கமேட்டில் கிடைத்தன. அவற்றுள் நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதியில் வனைந்த சாடிகளின் ஓடுகளும் உண்டு. எரிமலைக் கருமணல் கலந்த களிமண்ணே அவற்றின் ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சாடியை எங்கே பார்க்கலாம் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

எந்த மாதம், எந்த டிக்கெட்

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை போவது மிக நல்லது. வெயில் தணிந்திருக்கும், தோட்டங்களில் அறுவடை நடக்கும். மலையின் முக்கியமான சிவப்புத் திராட்சை தாமதமாகப் பழுக்கும் வகை என்பதால் அக்டோபரிலும் குலைகள் கொடியில் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களும் நன்று. ஜூலை, ஆகஸ்டைத் தவிருங்கள். இடிபாடுகளில் கூரையும் இல்லை, மரநிழலும் அரிது. நம் ஊர் வெயிலுக்குப் பழகிய உடம்புதானே என்று போனாலும், கருங்கல் பாவிய தெரு கீழிருந்து வீசும் அனலில் இரண்டு மணி நேரத்தில் தலை சுற்றும். ஆகஸ்ட் 15 இத்தாலியின் பெரிய விடுமுறை. அந்த வாரத்தில் தோட்டங்கள் மூடியிருக்கவும் வாய்ப்புண்டு.

டிக்கெட்டில் இரண்டு வகை. ‘பொம்பெயி எக்ஸ்பிரஸ்’ மதில்களுக்கு உட்பட்ட நகரத்துக்கு மட்டும். ‘பொம்பெயி பிளஸ்’ எடுத்தால் மதிலுக்கு வெளியே உள்ள ‘மர்மங்களின் மாளிகை’ எனப்படும் வில்லா தேய் மிஸ்தேரியும் சேரும். முதல் வகை சுமார் 20 யூரோ, இரண்டாவது அதைவிடச் சில யூரோ கூடுதல். இந்தப் பயணத்துக்கு பிளஸ்தான் வேண்டும், ஏனென்றால் திராட்சை பிழியும் ஆலை அந்த மாளிகையில்தான் இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், அதனாலேயே அன்று போகக்கூடாது.

2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி. டிக்கெட்டில் பெயரும் அச்சாகும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். முதலெழுத்தா, அப்பா பெயரா என்ற நம் வழக்கமான குழப்பத்தை இங்கே கொண்டுபோகாதீர்கள். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். தொல்லியல் பூங்காவின் அதிகாரபூர்வத் தளம் வழியாகச் சில நாள் முன்பே காலை நேரத்துக்கு எடுத்துவிடுங்கள். ரயில் நிலையத்துக்கு வெளியே ‘டிக்கெட் இங்கே’ என்று கூப்பிடுபவர்கள் பூங்காவின் ஆட்கள் அல்ல. அவர்கள் விற்பது கூடுதல் விலைச் சுற்றுலா.

பை 30×30×15 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரிய முதுகுப்பையை வாசலில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கட்டணம் இல்லை, ஆனால் நம் திட்டப்படி ஒரு வாசலில் நுழைந்து வேறு வழியில் வெளியேறுகிறோம். பையை எடுக்க வந்த வழியே திரும்பினால் ஒரு மணி நேரம் போய்விடும். எனவே சின்னப் பைதான்.

ரயில்: எந்த நிலையத்தில் இறங்குவது

பொம்பெயி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் இருப்பதால்தான் பலர் தடுமாறுகிறார்கள். சிர்க்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயிலின் சொரெந்தோ தடத்தில் ‘பொம்பெய் ஸ்காவி – வில்லா தேய் மிஸ்தேரி’ என்ற நிலையம் போர்த்தா மரீனா என்ற மேற்கு வாசலுக்கு எதிரிலேயே இருக்கிறது. எல்லோரும் இறங்குவது அங்கேதான், காலையில் வரிசை நீள்வதும் அங்கேதான். அரசு ரயில்வேயின் ‘பொம்பெய்’ நிலையமும், சிர்க்கும்வெசுவியானாவின் இன்னொரு தடத்தில் உள்ள ‘பொம்பெய் சந்துவாரியோ’ நிலையமும் இன்றைய ஊருக்குள் இருக்கின்றன. பலர் தவறுதலாக இறங்கிக் கவலைப்படும் இந்த நிலையங்கள்தான் நமக்கு வசதி. இங்கிருந்து பியாத்ஸா அன்ஃபித்தேயாத்ரோ என்ற கிழக்கு வாசல் ஏறத்தாழ பத்து நிமிட நடை, கூட்டமும் குறைவு.

நேப்பிள்ஸ் சென்ட்ரலிலிருந்து அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். டிக்கெட் மூன்று, நான்கு யூரோதான். சிர்க்கும்வெசுவியானாவில் போவதானால், கரிபால்டி நிலையத்துக்கு முந்தைய போர்த்தா நோலானாவில் ஏறுங்கள். வண்டி புறப்படும் இடம் என்பதால் உட்கார இடம் கிடைக்கும். கரிபால்டியில் ஏறுபவர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டே வருவார்கள், அந்த நெரிசலில்தான் பாக்கெட்டில் கை விழும். பர்ஸையும் பாஸ்போர்ட்டையும் முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஷோப்பெரோ’ என்ற சொல்லைத் தெரிந்துவைத்திருங்கள். அதற்கு வேலைநிறுத்தம் என்று பொருள். முன்தினம் இரவே ரயில் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்; தோட்டத்தில் முன்பதிவு செய்துவிட்டு நடைமேடையில் நிற்க நேரக்கூடாது.

வாசல் ஒன்பது மணிக்குத் திறக்கும். 8.45க்கு அங்கே நிற்க வேண்டும்.

கிழக்கிலிருந்து மேற்காக: மூன்றரை மணி நேரம்

கிழக்கிலிருந்து மேற்கே நடந்தால் காலை வெயில் முதுகில்தான் விழும். கூட்டம் மேற்கிலிருந்து எதிரே வந்து நடுத்தெருவில் நம்மைக் கடந்து போகும். குதிகால் உயர்ந்த செருப்பு, வழவழப்பான அடி கொண்ட ஷூ இரண்டும் வேண்டாம். தெருக்கல்லில் வண்டிச்சக்கரம் உழுத தடம் விரற்கடை ஆழத்துக்கும் மேல் இருக்கும், கணுக்கால் பிசகுவது அதில்தான். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ உண்டென்றால் ‘எல்லோருக்குமான பொம்பெயி’ என்ற சரிவுப்பாதை இதே கிழக்கு வாசலில் தொடங்குகிறது.

முதலில் வருவது ஆம்பிதியேட்டர் என்ற நீள்வட்ட அரங்கம். கி.மு. 70 வாக்கில் கட்டியது, கல்லில் கட்டிய இவ்வகை அரங்குகளில் நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று. பத்து நிமிடம் போதும். அதன் அருகிலேயே இருக்கும் திராட்சைத் தோட்டத்தில்தான் நிதானமாக நிற்க வேண்டும். முதலில் தோண்டியவர்கள் இதை மாட்டுச் சந்தை என்று நினைத்ததால் ‘ஃபோரோ போவாரியோ’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. வில்ஹெல்மினா யஷெம்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களில் மண்ணை அங்குலம் அங்குலமாகப் பார்த்தபோதுதான் அது தோட்டம் என்று தெரிந்தது.

எரிமலை கக்கிய பொடிக்கல்லுக்கு லாப்பில்லி என்று பெயர். கடுகளவு முதல் நெல்லிக்காய் அளவுவரை இருக்கும், நுரைபோல லேசானது. கி.பி. 79இல் அது தோட்டத்தை மூடியது. மண்ணுக்குள் இருந்த வேர்கள் காலப்போக்கில் மக்கின, அந்த வெற்றிடத்தில் லாப்பில்லி சரிந்து இறங்கியது. யஷெம்ஸ்கியின் குழுவினர் ஒவ்வொரு துளையிலிருந்தும் அந்தக் கல்லை நீளக் கரண்டி போன்ற கருவிகளால் வாரி எடுத்து, உள்ளே கம்பி செருகி, சிமென்ட் ஊற்றினார்கள். இறுகியபின் சுற்றியுள்ள மண்ணை நீக்கினால் வேரின் வடிவம் அப்படியே நிற்கும். இறந்தவர்களின் உடல் வடிவங்களை 1863இல் தொல்லியலாளர் ஃபியொரெல்லி சுண்ணச்சாந்து ஊற்றி எடுத்தாரே, அதே முறைதான். இந்த ஒரே தோட்டத்தில் 2,000க்கு மேற்பட்ட கொடிகளின் துளைகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சற்றுச் சிறிய துளை ஒன்று, அது கொடியைத் தாங்க நட்ட கழியின் குழி. கொடிக்குக் கொடி நான்கு ரோமானிய அடி, அதாவது சுமார் 1.2 மீட்டர் இடைவெளி. 1990களில் மாஸ்த்ரோபெரார்தினோ ஒயின் நிறுவனம் இந்த இடைவெளியை ஒட்டியே நகரத்தின் பழைய தோட்டங்களில் மீண்டும் கொடி நட்டது. கேட் பூட்டியிருந்தாலும் வேலிக்கு வெளியே நின்று வரிசைகளைப் பார்க்கலாம். பின்னால் வெசுவியஸ் தெரியும் இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

அங்கிருந்து வியா தெல் அப்பொந்தான்ஸா என்ற நீண்ட கடைத்தெரு. இருபுறமும் கல்மேடை கட்டி, அதில் வட்டவட்டமாகச் சாடி பதித்த கடைகள் வரும். ‘இதில்தான் ஒயின் ஊற்றி வைத்தார்கள்’ என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பதித்த சாடியைக் கழுவ முடியாது, மண்சாடி ஈரத்தையும் உறிஞ்சும். எனவே பெரும்பாலானவற்றில் உலர்ந்த தீனிகள்தான் இருந்திருக்கும், ஒயின் தனிச் சாடிகளில் சுவரில் சாய்ந்திருக்கும் என்பது பல ஆய்வாளர்களின் முடிவு. விதிவிலக்கும் உண்டு. 2020இல் முழுதாக வெளிப்பட்ட ஒரு கடையில், ஒரு சாடியின் அடியில் ஒயினும் பொடித்த ஃபாவா அவரையும் கிடைத்தன. இதே தெருவில் வெதூத்தியுஸ் பிளாச்சிதுஸ் என்பவரின் கடையைத் தவறவிடாதீர்கள். மேடைக்குப் பின்னால் உள்ள சாமி மாடத்தில் வணிகத்தின் கடவுள் மெர்க்குரியும் ஒயினின் கடவுள் பாக்குஸும் இரு ஓரத்திலும் நிற்கிறார்கள். அதே மனைத்தொகுதியில்தான் 1938இல் தந்தத்தில் செதுக்கிய இந்தியப் பெண் சிற்பம் கிடைத்தது. முதலில் லட்சுமி என்றார்கள், இப்போது யட்சி என்று கருதுவோரே அதிகம். சிற்பம் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேறொரு நாள் போய்ப் பாருங்கள், செவ்வாய் விடுமுறை.

விலைப்பட்டியலும் ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரு மதுக்கடைச் சுவரில், ஒரு அஸ் காசு கொடுத்தால் குடிக்கலாம், இரண்டு கொடுத்தால் இன்னும் நல்லதாகக் குடிக்கலாம், நான்கு கொடுத்தால் ஃபலெர்னியன் குடிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். ஃபலெர்னியன் வடக்குக் கம்பானியாவில் விளைந்த உயர்ரகம்.

ஃபோரம் என்ற பெருவெளிக்கு வந்ததும் அதன் மேற்கு ஓரத்தில், கம்பிக்கதவுக்குப் பின்னால் கண்டெடுத்த பொருட்களை அடுக்கிய நீண்ட கூடம் இருக்கிறது. எல்லோரும் சுண்ணச்சாந்து உடலைப் படமெடுக்க முண்டுவார்கள். நீங்கள் சாடிகளின் கைப்பிடியைப் பாருங்கள். இரண்டு களிமண் கயிறுகளை ஒட்டவைத்ததுபோல நடுவில் பள்ளம் ஓடும் இரட்டைக் கைப்பிடி சிலவற்றில் இருக்கும். அரிக்கமேட்டு ஓடுகளில் இந்த வகையும் உண்டு. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருட்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கைப்பிடி பழகிய முகமாக இருக்கும்.

வெத்தி சகோதரர்களின் வீடு 2023இல்தான் மீண்டும் திறந்தது. அங்கே சிறகு முளைத்த குழந்தைகள் திராட்சை அறுப்பதும் ஒயின் விற்பதுமாக ஓர் ஓவிய வரிசை உண்டு. வரிசை இருபது பேருக்கு மேல் இருந்தால் விட்டுவிடலாம், அடுத்தது அதைவிட முக்கியம். வீடுகளைச் சுழற்சி முறையில் மூடுவார்கள் என்பதால் அன்றைய பட்டியலை வாசலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெர்குலேனிய வாசல் வழியே கல்லறைத் தெருவில் இறங்கி நடந்தால் மர்மங்களின் மாளிகை. சிவப்புப் பின்னணியில் ஆளுயர உருவங்கள் நிற்கும் ஓவிய அறையைத் தேடித்தான் எல்லோரும் வருகிறார்கள். பாக்குஸ் வழிபாட்டோடு தொடர்புடையது என்று கருதப்படும் அந்தச் சுவர்கள் அதற்குத் தகுதியானவைதான். பார்த்துவிட்டு, பெரும்பாலோர் எட்டிப்பார்க்காத பிழியும் அறைக்குப் போங்கள். நுனியில் ஆட்டுக்கடாத் தலை செதுக்கிய நீண்ட மர உத்திரம் கிடக்கும் (மரம் புதியது, மறு ஆக்கம்). ஒரு முனையைச் சுவரோரம் பொருத்தி, மறுமுனையைக் கயிறும் உருளையும் கொண்டு கீழே இழுப்பார்கள். மிதித்துச் சாறெடுத்தபின் எஞ்சிய சக்கை நடுவில் நசுங்கும். முதல் சாறு காலால், மிச்சம் நெம்புகோலால். பிழிந்த சாறு தரையில் கழுத்துவரை புதைத்த பெருஞ்சாடிகளில் நொதிக்கும். பக்கத்துப் பொஸ்கொரெயாலேயில் உள்ள வில்லா ரெஜீனாவில் அப்படிப் புதைத்த 18 சாடிகள், மொத்தம் சுமார் 10,000 லிட்டர் கொள்ளளவில் இருக்கின்றன.

குடிநீர்க் குழாய்கள் நகரத்துக்குள் ஆங்காங்கே உண்டு. ஒரு லிட்டர் பாட்டிலை இரண்டு முறையாவது நிரப்பிக் காலி செய்யுங்கள். மதிய ஒயினுக்கு உடம்பைத் தயார்செய்வது இந்தத் தண்ணீர்தான்.

தோட்டத்துக்கு ஏறுதல்

மாளிகைப் பக்கம் உள்ள வழியில் வெளியேறினால் சுமார் பத்து நிமிடத்தில் ஸ்காவி ரயில் நிலையம். 12.45க்கு அங்கே இருந்தால் 1.30க்குத் தோட்டத்தில் உட்காரலாம். தோட்டங்கள் மலையின் தெற்கு, கிழக்குச் சரிவில் திரெக்காஸே, பொஸ்கொத்ரெக்காஸே, தெர்ட்ஸிஞோ ஊர்களைச் சுற்றி உள்ளன. முன்பதிவு இல்லாமல் போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். இவை கடைகள் அல்ல, எத்தனை பேர் என்று தெரிந்தபிறகுதான் அடுப்பு மூட்டும் பண்ணைகள். சுவைத்தலும் சாப்பாடும் சேர்த்துத் தலைக்கு சுமார் 35 முதல் 60 யூரோவரை ஆகும். பதிவு செய்யும்போதே ஸ்காவி நிலையத்திலிருந்து வேன் அனுப்புவார்களா என்று கேளுங்கள். சில தோட்டங்கள் அனுப்பும். இல்லையென்றால் டாக்ஸி; ஏறுவதற்கு முன்பே போகவரத் தொகையையும் திரும்ப அழைக்கும் நேரத்தையும் பேசி முடித்துவிடுங்கள். மேலே போய்விட்டால் தெருவில் டாக்ஸி கிடைக்காது. நடப்பதும் சரியில்லை, ஏற்றத்தில் நடைமேடை இல்லாத குறுகிய சாலை.

சொந்தமாகக் கார் ஓட்டலாமா என்று கேட்டால், வேண்டாம். இத்தாலியில் இரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்குப் பூஜ்யம். அதேபோல, அதே நாளில் எரிமலை வாயையும் பார்த்துவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். அதற்குத் தனி நேர டிக்கெட் உண்டு, மேலே போய்வர அரை நாள் போய்விடும்.

சைவம் சாப்பிடுபவர்கள் பதிவின்போதே எழுதிவிட வேண்டும். அங்கே போய்ச் சொன்னால் பன்றியிறைச்சித் துண்டுகளை மட்டும் தட்டிலிருந்து எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். ‘வெஜெத்தாரியானோ’ என்பதோடு நிறுத்தாமல் ‘சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே’, இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்றும் சேருங்கள். முட்டை வேண்டாமென்றால் ‘சென்ஸா உவோவா’. பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் வயிற்று நொதியால் உறையவைப்பது. அதைத் தவிர்ப்பவர்கள் பாஸ்தாவின் மேல் தூவாமல் தரச் சொல்லுங்கள். வெசுவியஸின் சிறு தக்காளியில் செய்த ஸ்பகெட்டி எப்படியும் இருக்கும், அதுவே வயிறு நிறைக்கும். குலையாகக் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் வைத்திருக்கும் தக்காளி அது, தோல் தடிப்பு, சதை இனிப்பு.

கொடியையும் கோப்பையையும் பார்க்கும் விதம்

தோட்டத்தில் குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுங்கள். காலையில் பொம்பெயியில் பார்த்த அதே வகைக் கருத்த, லேசான பொடிக்கல். தண்ணீர் நிற்காது, எனவே வேர் ஆழமாக இறங்கும். உலகத்துத் திராட்சைத் தோட்டங்களை 19ஆம் நூற்றாண்டில் அழித்த ஃபைலோக்ஸரா என்ற வேர்ப்பேன் இந்த உதிரி மணலில் பரவ முடியவில்லை. மற்ற இடங்களில் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக் கட்டித்தான் வளர்க்கிறார்கள், இங்கே பல கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. அப்படிச் சொந்த வேரில் நிற்கும் ‘பியெதே ஃபிராங்கோ’ கொடி எது என்று கேளுங்கள், மகிழ்ந்து காட்டுவார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் தலைக்கு மேல் பந்தலிட்டுப் பார்த்தவர்களுக்கு இங்கே கம்பி வரிசையில் இடுப்பளவில் நிற்கும் கொடி புதிதாக இருக்கும்.

மலையின் பெயர்பெற்ற ஒயின் ‘லாக்ரிமா கிறிஸ்தி’, கிறிஸ்துவின் கண்ணீர். 1983இல் இதற்குப் பாதுகாக்கப்பட்ட பெயர் கிடைத்தது. லேபிளில் ‘வெசூவியோ’ என்று மட்டும் இருந்தால் அது சாதாரண வகை. ‘லாக்ரிமா கிறிஸ்தி’ என்று போட ஆல்கஹால் குறைந்தது 12 சதவீதம் இருக்க வேண்டும். சிவப்புக்கு முதன்மையானது பியெதிரோஸ்ஸோ, ‘செங்கால்’ என்று பொருள். பழுத்த குலையின் காம்பு புறாவின் கால்போலச் சிவந்திருக்கும். வெள்ளைக்கு கோதா தி வோல்பே, அதாவது நரிவால், குலை வளைந்து நீளும். கப்ரெத்தோனே என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சையை நெடுங்காலம் இதுவென்றே நினைத்திருந்தார்கள்.

வெள்ளை, ரோஸ், சிவப்பு, கடைசியில் இனிப்பு என்ற வரிசையை மாற்றாதீர்கள். இனிப்பை முதலில் குடித்தால் பின்னால் வருவதெல்லாம் புளிக்கும். கோப்பையின் தண்டைப் பிடியுங்கள், கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூட்டில் வெள்ளை ஒயின் கெடும். மோந்து பார்த்து, ஒரு மிடறு வாயில் சுழற்றி, ரொட்டித் துண்டைக் கடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கைந்து வகை ஊற்றுவார்கள், எல்லாவற்றையும் முழுதாகக் குடிக்க வேண்டியதில்லை. மேசையில் உள்ள வாளியில் மிச்சத்தைக் கொட்டுவது மரியாதைக் குறைவல்ல. சாப்பாடு வரும்வரை முதல் கோப்பையோடு நில்லுங்கள். காலை முழுவதும் வெயிலில் நடந்த வெறும் வயிற்றில் இரண்டாவது கோப்பைதான் ஆளைச் சாய்க்கும். குடிக்காதவர்கள் தோட்டச் சுற்றும் சாப்பாடும் மட்டும் கேட்டுப் பதிவு செய்யலாம்.

புட்டி வாங்குவதானால் இந்தியாவுக்கு ஒருவர் வரியின்றிக் கொண்டுவரலாம் என்ற அளவு 2 லிட்டர். 750 மில்லி புட்டி இரண்டு சரி, மூன்றாவது எல்லையைத் தாண்டும். ‘வீட்டுக்கே அனுப்பிவைக்கிறோம்’ என்றால் மறுத்துவிடுங்கள், சுங்க வரியும் தாள்வேலையும் புட்டியின் விலையை விழுங்கிவிடும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவத்தைப் பல விமான நிலையங்களில் விடமாட்டார்கள். பெட்டியில்தான் போக வேண்டும். புட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, தடித்த காலுறைக்குள் நுழைத்து, துணிகளுக்கு நடுவில், பெட்டியின் எந்தப் பக்கச் சுவரையும் தொடாதபடி படுக்கவையுங்கள்.

நாலு மணிக்கு டாக்ஸி வரச் சொன்னால் ஸ்காவி நிலையத்தில் நாலரை, நேப்பிள்ஸில் ஆறு மணிக்குள். சொரெந்தோவிலிருந்து திரும்பும் மாலை வண்டிகள் நிரம்பி வரும். புட்டிப் பையைத் தரையில் இரு பாதங்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நில்லுங்கள், மேல் தட்டில் வேண்டாம்.